ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி

போன ஆடி மாதம் ஒருநாள் ராத்திரி, கரண்ட் போய் வந்த பிறகு என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு முனகல் கேட்டது. பாட்டு ஓடும்போது தெரியவில்லை. ஓடி முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் முன் வரும் அந்த இரண்டு விநாடியில் மட்டும் 'ம்ம்ம்' என்று தாழ்ந்த சத்தம். வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்றார்கள். எழுபத்தைந்து வயதுக் காதுக்குக் கேட்டது அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால், அவர்கள் கேட்க விரும்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் சொன்னேன். நாலு பேரில் மூன்று பேர் சொன்னது: "ஓடுற செட்டை எதுக்கு சார் பிரிக்கிறீங்க? நிக்கும்போது பாத்துக்கலாம்." நாலாவது ஆள் பதில் சொல்லாமல், தன் வீட்டுப் பரணில் 1980இல் வாங்கிய ரெக்கார்டு பிளேயர் கிடக்கிறது, அதை எடுத்துப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். "தயவுசெய்து பிளக்கில் மட்டும் சொருகிவிடாதீர்கள்" என்றேன். ஏன் என்று நடந்துகொண்டே சொல்லி முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய பாட்டுப் பெட்டிகளை எப்போது சர்வீஸ் செய்வது என்பது மெக்கானிக் கேள்வி மாதிரித் தெரியும். என் கணக்கில் அது ஒரு சரித்திரக் கேள்வி. அதை நான் தொடங்க வேண்டிய இடம் விருதுநகர் இல்லை, புதுச்சேரி.

நான் பிறந்தது 1950இல், புதுவையில், பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த காலத்தில். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படி முழுசாக மாறியது 1962 ஆகஸ்டு 16. அந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நான் பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழை வீட்டிலும் தெருவிலும் கற்றுக்கொண்டவன். இந்தக் கட்டுரையில் எங்காவது வாக்கியம் இடறினால் அந்தக் காரணத்துக்காகப் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் வீட்டில் என் தாத்தா காலத்து கிராமபோன் ஒன்று இருந்தது. சாவி கொடுத்து ஓட்டுவது. அதோடு ஒரு சின்னத் தகர டப்பாவில் எஃகு ஊசிகள். ஒரு ரெக்கார்டின் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் அப்பா அந்த ஊசியைக் கழற்றி வேறொரு டப்பாவில் போட்டுவிட்டு, புது ஊசி மாட்டித்தான் மறுபக்கத்தை வைப்பார். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்கு ரெக்கார்டில் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் வரும். ஆக, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை சர்வீஸ்! எனக்கு அது பெரிய வீண்செலவாகத் தெரிந்தது. பழைய ஊசி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நானே ஒருநாள் மாட்டி, ஒரே ஊசியில் நாலு பக்கம் ஓட்டினேன். பாட்டு நன்றாகத்தான் கேட்டது. அப்பா வந்து ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறுப்புப் பளபளப்பில் சாம்பல் நிறமாக ஒரு வளையம். அரக்கில் கல்பொடியும் கலந்திருக்கும். அதில் ஓடி ஓடி ஊசியின் முனை தேய்ந்து உளி மாதிரி ஆகிவிடும். பிறகு அந்த உளி பள்ளத்தின் சுவரைச் செதுக்க ஆரம்பிக்கும். கெட்டது ஊசி இல்லை, பாட்டு. ஊசி விலை சில்லறை. செதுக்கிப் போன பாட்டை யாரும் திருப்பித் தர முடியாது.

பிரெஞ்சில் மோட்டார் வண்டியை சர்வீசுக்கு விடுவதற்கு 'ரெவிஸியோன்' என்று பெயர். பரீட்சைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பதற்கும் அதே சொல்தான். திரும்பப் பார்ப்பது என்று அர்த்தம். அப்பா அன்று என்னை அடிக்கவில்லை. "ரெவிஸியோன் பரீட்சைக்கு முன்னாடியா, பெயிலான பிறகா?" என்று மட்டும் கேட்டார்.

1956இல் வீட்டுக்கு பிலிப்ஸ் வால்வு ரேடியோ வந்தது. பழைய புதுவைக்காரர்கள் ரேடியோப் பெட்டியை 'போஸ்த்' என்பார்கள். தபாலாபீசுக்கும் அதே சொல்தான். பிரெஞ்சில் ஒன்று ஆண்பால், மற்றது பெண்பால் என்று வித்தியாசம் உண்டு, ஆனால் தமிழில் பேசும்போது அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ரேடியோ லைசென்சைத் தபாலாபீசில் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய காலம் அது. "போஸ்த்துக்குப் போஸ்த்தில் பணம் கட்டிட்டு வா" என்று அப்பா அனுப்பியது ஞாபகம் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்துவார்கள். திருச்சி வானொலி, சென்னை வானொலி, எல்லாவற்றையும்விடத் தெளிவாக இலங்கை வானொலி. ராத்திரியில் சிற்றலையில் பாரிஸ்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் மாதத்தில்தான் ரேடியோவைத் திறப்பதும். அப்பா அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தார். பின்பக்க அட்டையைக் கழற்றி, கோழி இறகால் தூசி தட்டி, வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கால்களைத் துடைத்துத் திரும்பச் சொருகுவார். கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றில் எல்லாவற்றிலும் பச்சை பூத்திருக்கும். வால்வு ஒரு விதத்தில் நல்ல வேலைக்காரன். அது கண்ணுக்குத் தெரிய வேலை செய்யும், சிவப்பாக எரியும். வயதாகும்போதும் சத்தம் குறைவது, ரேடியோ சூடாகிப் பேச அதிக நேரம் எடுப்பது என்று முன்கூட்டியே மனுக் கொடுத்துவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு வால்வு மாற்ற வேண்டியிருந்ததால், அந்தச் சாக்கில் மெக்கானிக் உள்ளே மற்றதையும் பார்த்துவிடுவார்.

1973இல் எனக்கு மத்திய கலால் துறையில் எழுத்தர் வேலை கிடைத்து சிவகாசிக்கு வந்தேன். தீப்பெட்டிக்கு அப்போது கலால் வரி உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் வரி கட்டியதற்கு அடையாளமாக ஒரு காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். அதற்கு 'பேண்டரோல்' என்று பெயர். முதல்நாள் ஆபீசில் அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அது பிரெஞ்சுச் சொல். கரிசல் காட்டு நடுவில், வெயிலில் வெந்துகொண்டு, யாரும் பிரெஞ்சு என்று அறியாமல் தினமும் நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வட்டாரத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றியதற்குக் காரணமே வறட்சிதான். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, மருந்து சீக்கிரம் காயும். மருந்து காய்வதற்கு நல்ல இடம் என்றால் வேறு சிலவும் காய்ந்துபோகும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ரேடியோ பற்றி உருப்படியாகக் கற்றுக்கொண்டது இங்கேதான், ரேடியோ செட்டுக்காரர்களிடம். நம் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் குழாய் கட்டுவார்கள் அல்லவா, அவர்கள். பெட்டி என்னவோ ஆம்ப்ளிஃபயர்தான், அதில் ரேடியோவே கிடையாது. ஆனாலும் 'ரேடியோ செட்' என்பதுதான் பெயர். விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன் பக்திப் பாட்டில் தொடங்கினால், எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டுகள் வரும்போது ஊர் முழித்திருக்கும். அந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் ஓடியது போல வேறெந்தக் கருவியும் ஓடியிருக்காது. புளியமரத்தடியில், புழுதியில், வோல்ட்டேஜ் ஒரு நிலையில் நில்லாத லைனில், காலை நாலு மணி முதல் நள்ளிரவு வரை.

ஆனால் அவை சீசன் நடுவில் கெட்டு நான் பார்த்தது அபூர்வம். ஏன் என்று ஒரு ரேடியோ செட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னது இது. மாசி சிவராத்திரிக்கு ஊரே குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும். அதிலிருந்து விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கல், சித்திரை, வைகாசி கல்யாணங்கள் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் தை மாதத்திலேயே எல்லாச் செட்டையும் பிரித்துவிடுவார். வால்வு, கண்டென்சர், பிளேயரின் ரப்பர் சக்கரம், குழாய்க்குள் இருக்கும் யூனிட், ஒயர் முனை எல்லாம் பார்த்து, சந்தேகமானதை நல்லதாக இருக்கும்போதே மாற்றிவிடுவார். கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாமல் அவசரத்துக்குப் பையில் வைத்துக்கொள்வார். "சாமி புறப்பாடு நேரத்துல நின்னா ஊர்க்காரங்க விடுவாங்களா சார்?" என்றார்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அவருக்கு வேலையே இருக்காது. அப்போதும் வாரத்தில் ஒருநாள், வெள்ளிக்கிழமை, எல்லா ஆம்ப்ளிஃபயரையும் அரைமணி நேரம் ஓடவிடுவார். ஏன் என்றால் "சும்மா கிடந்தா செத்துரும்" என்றார். அதன் இயற்பியல் காரணம் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பள்ளியில் படித்திருந்தேன். ஆனால் அவர் செய்தார், நான் செய்யவில்லை. அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

ஆயுத பூஜையையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஆபீஸ், பிரஸ், பட்டறை எதுவானாலும் அன்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைப்பார்கள். எந்தக் கம்பெனியின் சர்வீஸ் அட்டவணையும் அதற்கு ஈடாகாது. துடைக்கும்போதுதான் கிழிந்த ஒயரும் எலி கடித்த அட்டையும் கண்ணில் படும்.

பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1947இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்றாலும் நம் வீட்டுப் பெரிய செட்டுகளுக்கு வந்து சேர எழுபதுகள் ஆகிவிட்டன. கல்கத்தாவிலிருந்து சோனோடைன், பம்பாயிலிருந்து காஸ்மிக் என்று பத்திரிகைகளில் விளம்பரம் வரும். 1978இல் வந்த 'பிரியா' படப் பாடல்களை ஸ்டீரியோவில் கேட்டபோது, ஒரு வாத்தியம் இடது காதிலும் இன்னொன்று வலது காதிலும் நிற்பது எங்கள் மாதிரி ஆட்களுக்கு அதிசயமாக இருந்தது. பிலிப்ஸ்காரர்கள் 1963இல் கண்டுபிடித்த கேசட் இங்கே தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் ஆனது. வெறும் கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் எல்பியிலிருந்து பதிந்து தருவார்கள். அந்த லிஸ்ட் எழுதுவதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட சிரத்தையை ஆபீஸ் கோப்பில் காட்டியிருந்தால் பதவி உயர்வு சீக்கிரம் வந்திருக்கும். நல்ல சென்டர்காரர் தினமும் கடை திறந்ததும் டெக்கின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பார். துடைக்காதவரிடம் பதிந்த கேசட்டில் ஈஸ்வரி குரலும் ஜலதோஷம் பிடித்த மாதிரி வரும்.

1984இல், அரியர்ஸ் பணம் வந்த கையோடு, நானும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. மூன்று மாதச் சம்பளம். கடைக்காரர் சொன்ன வாக்கியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இதுல வால்வு கிடையாது சார், சர்வீஸே கிடையாது."

அந்த வாக்கியம்தான் எங்கள் தலைமுறையைக் கெடுத்தது என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிராமபோன் ஊசிக்கு மூன்று நிமிடம். அதன் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் போட வருஷம் ஒன்று. வால்வுக்கு இரண்டு மூன்று வருஷம். டிரான்சிஸ்டர் செட்டில் பதினைந்து, இருபது வருஷம். கருவி நன்றாக ஆக ஆக, அதைத் திறந்து பார்க்க வேண்டிய இடைவெளி நீண்டுகொண்டே போனது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை செய்வதை யாரும் மறப்பதில்லை. இருபது வருஷத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆபீசில் அதற்கு ஒரு நினைவூட்டல் பதிவேடு வைப்போம். வீட்டில் யார் வைத்தார்கள்?

டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட சாவதில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கும் கண்டென்சர் சாகும். மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பெரிய உருளைக் கண்டென்சர் இருக்கிறதே, அதற்குள் சுருட்டி வைத்திருப்பது அலுமினியத் தகடும் ஈரக் காகிதமும். நம்ம ஊர்க் கம்பி மத்தாப்பில் வெள்ளையாய்ப் பொறி பறப்பது எந்த உலோகமோ அதே உலோகம். அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். மருந்து காய்வதற்கு நல்ல ஊர் என்றேனே, இதற்கும் அப்படித்தான். ஈரத்தைக் காய வைப்பது செட்டுக்குள் இருக்கும் சூடு. பத்து டிகிரி சூடு கூடினால் கண்டென்சரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு.

எழுத்தர் புத்தியில் நான் போட்ட கணக்கு இது. கண்டென்சர் மேல் '85 டிகிரி' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கடற்காற்று வரும் புதுவை வீட்டில் பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் ஆயுள் 32000 மணி. தினம் நாலு மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஏறக்குறைய 22 வருஷம். அதே செட்டை விருதுநகர் வெயிலில், மூடிய ஷோகேசுக்குள் வைத்து 55 டிகிரி ஏற்றினால் 16000 மணி, அதாவது 11 வருஷம். ஒரே செட், ஒரே பாட்டு, பாதி ஆயுள். ஆகவே 'எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை' என்று புத்தகத்தில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை எழுதியவர் சித்திரை மாதத்தில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்க மாட்டார்.

இங்கே இன்னொரு எதிரி கந்தகம். கந்தகம் புழங்கும் வீடுகளில் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துவிடும். செட்டுக்குள் இருக்கும் சுவிட்சுகளிலும் ரிலேயிலும் தொடும் இடத்தில் வெள்ளிதான் பூசியிருப்பார்கள். அதுவும் கறுக்கும். கறுத்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போகும். தட்டினால் வரும். தட்டித் தட்டிப் பழகிவிடுவோம், வீட்டில் அதற்கு ஒரு தனி இடமே உண்டு, 'இங்க தட்டணும்' என்று.

இனி என் தண்டனைக்கு வருகிறேன்.

அப்பா 1985இல் காலமானார். அதன்பின் அந்த பிலிப்ஸ் ரேடியோவை யாரும் போடவில்லை. அம்மாவும் போன பிறகு, 1994இல் புதுவை வீட்டைக் காலி செய்தபோது, எனக்கு வேண்டியது இது ஒன்றுதான் என்று சொல்லி, வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து விருதுநகருக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வருஷம் அலமாரி மேல் இருந்தது. 1996 பொங்கலன்று பிள்ளைகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். தாத்தா ரேடியோ பாடுமா என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் ஆசை. துடைத்து, பூ வைத்து, பிளக்கில் சொருகி சுவிட்சைத் திருப்பினேன்.

டயல் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அரை நிமிடம் ஒரு கனத்த முனகல். பிறகு ரோடு போடும் தார் வாசனை. பின்பக்கத்திலிருந்து புகை. ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் உருகிய மெழுகு மேஜைத் துணியில் சொட்டியிருந்தது. மொத்தம் ஒன்றரை நிமிடம் இருக்கும்.

நடந்தது என்ன என்றால், அந்தக் கண்டென்சரில் அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஒரு ஆக்சைடு தோல் உண்டு. மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதே அந்தத் தோல்தான். செட் ஓடும்போது அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். வருஷக் கணக்கில் சும்மா கிடந்தால் தோல் கரையும். பதினொரு வருஷம் கழித்து முழு வோல்ட்டேஜையும் ஒரே அடியாகக் கொடுத்தால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து ஓடும். அப்போதாவது ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். எப்போதோ யாரோ ஃப்யூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பியைக் கட்டிவைத்திருந்தார்கள். பத்து ரூபாய்க் கண்டென்சரோடு போக வேண்டியது, டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துக்கொண்டு போனது. "சும்மா கிடந்தா செத்துரும்" என்று அந்த ரேடியோ செட்டுக்காரர் சொன்னது இதைத்தான்.

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு சந்தில் ரேடியோக் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். ஒரு 60 வாட் குண்டு பல்பு, ஒரு சாக்கெட். சீரிஸ் போர்டு. பழைய செட் எதுவானாலும் முதலில் அந்த பல்பு வழியாகத்தான் கரண்ட் கொடுப்பாராம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து சுமையைத் தான் வாங்கிக்கொள்ளும், செட் பிழைக்கும். நல்லதாக இருந்தால் பல்பு மங்கும். "இருபது ரூவா பலகை சார் இது" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று கிடைக்கவில்லை. வேறு ஊரில் ஒரு கடையில் சுற்றித் தருகிறோம் என்று வாங்கி, சுற்றியும் தந்தார்கள், வோல்ட்டேஜ் தப்பு. ரேடியோ இப்போதும் என் அறையில் இருக்கிறது. மேலே மூக்குக் கண்ணாடி வைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் என் ஸ்டீரியோவைப் பற்றிப் பயம் வந்தது. 1999இல், ஒரு குறையும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரை அண்ணாச்சியிடம் கொடுத்து, பெரிய கண்டென்சர்களை மாற்றச் சொன்னேன். பழையதைக் கழற்றி அளந்தார். இரண்டில் ஒன்று பாதி சக்திக்கு வந்திருந்தது. தலை லேசாக உப்பியிருந்தது. காதில் ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். "காதுக்குக் கேக்கறப்ப முக்கால்வாசி முடிஞ்சிருக்கும்" என்றார். ஸ்பீக்கரைப் பிரித்தபோது, கோனைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அது பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பதினைந்து, இருபது வருஷத்தில் உதிரும். துணி வளையம் என்றால் நெடுநாள் நிற்கும். துணி வைத்தே ஒட்டிக் கொடுத்தார்.

நண்பர்கள் கேட்பதால் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சத்தக் குமிழைத் திருகும்போது கரகர என்றால் அது வியாதி இல்லை, தூசி. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே அடித்து இருபது தடவை திருகினால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், மண்ணெண்ணெயும் வேண்டாம் (இரண்டையும் விட்டவர்களை எனக்குத் தெரியும்). பாட்டு இல்லாதபோது முனகினால் கண்டென்சர், தள்ளிப்போடக் கூடாது. கேசட் டெக்கில் பாட்டு தள்ளாடினால் பெல்ட். நீண்டநாள் கிடந்த டெக்கில் அந்த ரப்பர் பெல்ட் தாராக உருகியிருக்கும், அதை ஓட்டிப் பார்க்காமல் திறப்பது நல்லது. ரெக்கார்டு பிளேயரின் வைர ஊசிக்கு 500 முதல் 1000 மணி நேரம். அதைத் தாண்டினால் என் தாத்தா ரெக்கார்டில் விழுந்த சாம்பல் வளையம்தான். வாசனை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள், 'இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்' என்பது வேண்டாம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தொடவே கூடாததைத் தொட்டுக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். எல்லாக் கண்டென்சரையும் ஒரேயடியாகப் பிடுங்கிப் புதுசு போட்டால் நல்லது என்று நினைத்து, ஒரு ஊரில் ஒரு கடையில் நானே கண்டென்சர் வாங்கி வந்தேன். அண்ணாச்சி மேலே இருந்த பிளாஸ்டிக் உறையை பிளேடால் கீறிக் காட்டினார். உள்ளே இன்னொரு சின்ன கண்டென்சர், வேறு எண். நல்லதைக் கழற்றிவிட்டு அதைப் போட இருந்தேன். மாற்றுவது என்றால் கெட்டது எது, கெடப்போவது எது என்று அளந்து பார்த்து மாற்ற வேண்டும். '105 டிகிரி' போட்டதாக, நம்பிக்கையான இடத்தில் வாங்க வேண்டும். நம் வெயிலுக்கு அந்த இருபது டிகிரி கூடுதல் வீண்போகாது.

1999இல் போட்ட கண்டென்சர் எத்தனை வருஷம் வந்தது என்று போன ஆடியில் முனகல் கேட்ட அன்று கணக்குப் பார்த்தேன். ஓய்வு பெற்றபின் நான் கேட்பது தினம் இரண்டு மணி நேரம். 55 டிகிரிக் கணக்கில் ஏறக்குறைய 22 வருஷம். நடுவில் 2012 வாக்கில் நாள் பூராவும் கரண்ட் போய்ப் போய் வந்த காலமும் அதில் அடக்கம். ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒரு குத்து வாங்கியிருக்கும். ஆக, கணக்குப்படி அது 2021லேயே மனுக் கொடுத்திருக்க வேண்டும். நான்தான் கோப்பைத் திறக்கவில்லை.

அண்ணாச்சி கடையை 2017இல் மூடிவிட்டார். வீட்டுத் திண்ணையில் தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்க்கிறார். வயது எண்பத்திரண்டு. பையன் கோயம்புத்தூரில் வேறு வேலை. ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். திறந்து பார்த்தார், இல்லை, திறந்து தடவிப் பார்த்தார். ஒரு கண் சரியாகத் தெரியவில்லை. பேத்தி டார்ச் அடித்தாள். சால்டரிங் அயர்ன் பிடிக்கும்போது கை லேசாக ஆடியது. முனை போர்டைத் தொட்ட நொடியில் மட்டும் ஆடவில்லை.

"போன வருஷமே கொண்டாந்திருக்கலாம்ல சார்" என்றார்.

"நல்லாத்தான ஓடிச்சு அண்ணாச்சி. செட்டுக்கு என்ன அவசரம்னு நெனச்சேன்."

"செட்டோட வயசப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. எனக்கு வயசாயிருச்சுல்ல, அதப் பாக்க வேண்டாமா?"

எனக்கு பதில் வரவில்லை. இத்தனை வருஷம் எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டவன், இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊரில் இந்தப் பெட்டிகளைத் திறந்து உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புது மாடல்களைத் திறக்கவே முடியாது. கெட்டால் எடைக்குத்தான். பழையதைத் திறக்கலாம், திறக்க ஆள் வேண்டும்.

பெரிய கண்டென்சர் இரண்டையும் கழற்றிவிட்டார். சென்னை ரிச்சி தெருவில் இருக்கும் கடைக்கு எண் சொல்லி, பேத்தி போனிலேயே பணம் கட்டினாள். பார்சல் இன்னும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் அவர் திண்ணையில் மூடி இல்லாமல் இருக்கிறது, மேலே ஒரு ஈரிழைத் துண்டு போர்த்தியிருக்கிறார். வேலை நடக்கும்போது பேத்தியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். பரணில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருக்கும் நண்பரிடமும் சொல்லிவிட்டேன், ஆயுத பூஜைக்குள் இறக்கி, பிளக்கில் சொருகாமல், அப்படியே கொண்டுவரட்டும். சீரிஸ் போர்டு நான் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். குண்டு பல்புதான் இப்போது கடையில் கிடைப்பது குறைந்துவிட்டது, எல்லாம் எல்இடி. யார் வீட்டிலாவது பழைய 60 வாட் பல்பு சும்மா கிடந்தால் தூக்கிப் போடாமல் எனக்குச் சொல்லுங்கள்.